கண்ணீர்ப்பை அறுவைக்கு முன் கண் வறட்சியைக் கண்டறிவது எப்படி

கன்னத்தில் கண்ணீர் வழிய வழிய வந்து உட்காரும் ஒருவரிடம், "உங்கள் கண் வறண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்று சொன்னால், அவர் நம்மைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார். ஆனால் கண்ணீர்ப்பை அறுவைக்குப் பெயர் எழுதப்படும் ஒவ்வொரு பெரியவருக்கும் இந்தப் பரிசோதனை தேவை என்பதை, கண் மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் பரிசோதகராகக் கழித்த ஆண்டுகளில் உறுதியாகக் கற்றுக்கொண்டேன். இந்தத் துறைக்குப் புதிதாக வரும் பரிசோதகர்களையும் செவிலியர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். அறுவைக்குத் தேதி வாங்கியிருக்கும் நோயாளியும் அவர் வீட்டாரும் படித்தால், எதைக் கேட்க வேண்டும் என்பது அவர்களுக்கும் விளங்கும்.

ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, வேறோர் ஊரில் வலது கண்ணுக்கு டி.சி.ஆர். (அடைபட்ட கண்ணீர்ப்பையை மூக்குக்குள் திறந்துவிடும் அறுவை) செய்துகொண்டு நான்கு மாதம் கழித்து எங்களிடம் வந்தார். அறுவையில் குறை ஒன்றும் இல்லை. சிரிஞ்சில் சலைன் விட்டவுடன் தடையில்லாமல் தொண்டைக்கு இறங்கியது. "தண்ணி வடியறது நின்னுபோச்சு சார். ஆனா மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி அறுக்குது, காலையில இமையைப் பிரிக்கவே முடியல" என்றார். ஃப்ளோரசீன் சாயம் வைத்து நீல ஒளியில் பார்த்தபோது, அவருடைய கருவிழியின் கீழ்ப்பாதி முழுவதும் ஊசியால் குத்தியது போலப் பச்சைப் புள்ளிகள் இருந்தன. கண்ணீரை அளக்கும் வடிதாளான ஷிர்மர் தாள் இரண்டு கண்களிலும் 3 மில்லிமீட்டரைத் தாண்டி நனையவில்லை. அவர் கொண்டுவந்த பழைய சீட்டுகளைப் புரட்டினேன். அறுவைக்கு முன் சர்க்கரை, இரத்த அழுத்தம், இ.சி.ஜி. எல்லாம் பார்த்திருந்தார்கள். கண்ணில் எவ்வளவு நீர் சுரக்கிறது என்பதை மட்டும் யாரும் அளந்து பார்க்கவில்லை.

அடைப்பு வறட்சியை மறைப்பது எப்படி

கண்ணீர்ச் சுரப்பிகள் சாதாரண நேரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 முதல் 2 மைக்ரோலிட்டர் அளவே சுரக்கின்றன. கண்ணின் மேற்பரப்பில் எந்நேரமும் நிற்பது சுமார் 7 மைக்ரோலிட்டர்தான். மருந்துப் புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டு இதைவிடப் பல மடங்கு பெரியது. இந்தச் சிறிதளவு நீரில் ஒரு பகுதி ஆவியாகிறது. மீதி, இமைகளின் மூக்கோர முனையில் இருக்கும் இரண்டு கண்ணீர்த் துளைகள் வழியாக நுண்குழாய்களுக்குள் புகுந்து, கண்ணீர்ப்பையை அடைந்து, அங்கிருந்து நாளம் வழியாக மூக்கின் அடிப்பகுதிக்கு இறங்குகிறது. நாளம் அடைபட்டால், சுரப்பு மெலிந்த கண்ணிலும் நீர் தேங்கத்தான் செய்யும். வாய்க்காலில் தண்ணீர் சொற்பமாக வந்தாலும், வடிகால் அடைத்துக்கொண்ட வயலில் நீர் நிற்பதைப் பார்த்திருப்போம். டி.சி.ஆர். அறுவை, பைக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள எலும்பில் வழி ஏற்படுத்தி அந்த வடிகாலைத் திறந்துவிடுகிறது. நல்ல சுரப்பு உள்ளவருக்கு அது பெரும் நிவாரணம். சுரப்பு குறைந்தவருக்கோ, கண்ணை நனைத்துக்கொண்டிருந்த தேக்கமும் போய்விடுகிறது.

கடும் கண் வறட்சிக்குச் செய்யும் சிகிச்சைகளில் ஒன்றை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கண்ணீர்த் துளையில் சிறிய சிலிக்கான் அடைப்பான் வைத்து வடிகாலை வேண்டுமென்றே மூடுகிறோம். 1975 முதல் அந்த முறை புழக்கத்தில் இருக்கிறது. நாள அடைப்பு உள்ள கண்ணுக்கு அத்தகைய அடைப்பான் தானாகவே வாய்த்துவிட்டது என்று சொல்லலாம், அதனுடன் கிருமியும் சீழும் சேர்ந்து வருகின்றன என்பதுதான் சிக்கல்.

இன்னொரு பிழையும் நடக்கிறது. பாதையில் அடைப்பே இல்லாமல், வறண்ட மேற்பரப்பு எரிச்சலடைவதால் கண் சட்டென்று நீரைக் கொட்டுவது உண்டு. அத்தகையவருக்குச் சிரிஞ்சிங்கில் (சிரிஞ்சால் சலைன் விட்டுப் பாதையைச் சோதிப்பது) நீர் சரியாக இறங்கினாலும், "லேசாகத் திரும்பி வருகிறது, பகுதி அடைப்பு" என்று எழுதி அறுவைக்கு அனுப்பிவிட்டால், இருந்த நோய்க்கு மருந்தும் கிடைக்காமல் புதிய தொல்லையும் சேர்ந்துவிடும்.

எலும்பைத் திறந்து பையை மூக்குடன் இணைக்கும் அறுவையை இத்தாலியின் அட்டியோ டோட்டி விவரித்தது 1904-இல். அதற்கு முந்தைய ஆண்டு, ஜெர்மனியின் ஓட்டோ ஷிர்மர் வடிதாளால் கண்ணீரை அளக்கும் முறையை வெளியிட்டிருந்தார். அந்த ஆய்வில் அவர் கண்ணீரின் சுரப்பையும் வடிகாலையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இன்று இரண்டும் வெவ்வேறு கிளினிக்குகளின் வேலையாகப் பிரிந்துவிட்டதால், ஒன்றைப் பார்ப்பவர் மற்றதை விட்டுவிட நேர்கிறது.

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்

"தண்ணி வடியுது" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விதமான துன்பம் இருக்கலாம். வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் நீர் திரண்டு கன்னத்தில் இறங்குகிறது, பீளை கட்டுகிறது, மூக்கோரம் அழுத்தினால் கொழகொழவென்று வருகிறது என்றால் பாதை அடைப்பு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், ஃபேனுக்கு நேராகப் படுத்தால், அடுப்புப் புகை பட்டால், செல்போனைத் தொடர்ந்து பார்த்தால் முதலில் எரிந்து பிறகு வடிகிறது என்றால் வறட்சியைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்கள் நிறைய. நாள அடைப்பு அதிகம் காணப்படுவது நடுவயதைத் தாண்டிய பெண்களிடம். மாதவிலக்கு நின்ற பின் கண் வறட்சி கூடுவதும் அவர்களிடமே. ஆகவே இந்தச் சேர்க்கையை அபூர்வமாகக் கருதக் கூடாது.

கேட்கும்போது எரிச்சல், உறுத்தல், வெளிச்சத்தில் கூச்சம், மங்கி மங்கித் தெளியும் பார்வை ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஓ.எஸ்.டி.ஐ. என்னும் 12 கேள்விப் படிவத்தில் 13 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வந்தால் வறட்சிக்கான அறிகுறி உண்டு என்று கொள்வது வழக்கம். ஆனால் நீர் தேங்கிய கண்ணில் பார்வை மங்குவதற்கு அந்தத் தேக்கமே காரணமாக இருக்கலாம் என்பதால், படிவத்தின் எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

பிறகு உடம்பைப் பற்றிக் கேட்க வேண்டும். மேலே சொன்ன அம்மாவிடம் வாய் வறட்சி பற்றிக் கேட்டபோது, "பிஸ்கட்டு கூட தண்ணி இல்லாம இறங்காது சார், வயசாச்சுன்னு விட்டுட்டேன்" என்றார். விரல் மூட்டுகளில் காலை நேர விறைப்பும் இருந்தது. கண், வாய், மூட்டு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், ஸ்வீடன் மருத்துவர் ஹென்ரிக் ஷேகிரன் 1933-இல் விரிவாக எழுதிய நோய் (கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்குவது) நினைவுக்கு வர வேண்டும். மூட்டு நோய் மருத்துவரிடம் அனுப்பி இரத்தப் பரிசோதனை செய்தபோது அதுவேதான் உறுதியானது. வாய் வறட்சியைக் கண் பிரிவில் யாரும் கேட்பதில்லை என்பதால் நோயாளி தானாகச் சொல்வதும் இல்லை. அரை நிமிடக் கேள்விதான், தயவுசெய்து கேளுங்கள்.

மருந்துச் சீட்டைக் கட்டாயம் வாங்கிப் பாருங்கள். சளி, அரிப்புக்கு விழுங்கும் அலர்ஜி மாத்திரைகள், சிலவகை மன அழுத்த மருந்துகள், பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின், சிறுநீரை அடக்க முடியாதவர்களுக்கான மாத்திரைகள் ஆகியவை கண்ணை வறளச் செய்யும். இவற்றைவிட நான் கூர்ந்து பார்ப்பது, பாதையையும் அடைத்துக் கண்ணையும் வறளச் செய்யும் காரணங்களை. நீண்ட நாள் கண் அழுத்தச் சொட்டு மருந்து விடுபவர்கள், அதிலும் பென்சல்கோனியம் குளோரைடு என்னும் பதப்பொருள் சேர்ந்த மருந்து விடுபவர்கள், தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் எடுத்துக்கொண்டவர்கள், ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய் (பெரும்பாலும் மருந்து ஒவ்வாமையால் தோலும் கண்ணும் புண்ணாகும் நோய்) வந்து பிழைத்தவர்கள் ஆகியோருக்கு இரண்டு கோளாறும் ஒரே வேரிலிருந்து வந்திருக்கலாம். இவர்களுக்குப் பாதையைத் திறந்துவிடும் முடிவை அவசரப்பட்டு எடுக்கவே கூடாது. சர்க்கரை நோய், தைராய்டு கண் நோய், முகவாதம், லேசிக் சிகிச்சை ஆகியவற்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பரிசோதனைகளின் வரிசை

இங்கேதான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. நெரிசலான ஓ.பி.யில், கண்ணில் நீர் வடிகிறது என்றதுமே மரத்துப்போகும் சொட்டு மருந்தை விட்டு, மூக்கோரத்தை அழுத்தி, "டக்ட்" (கண்ணீர் நாளம்) பார்த்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வறட்சியை அளந்து பயனில்லை. மருந்து கண்ணின் உணர்வை மழுக்கிவிட்டது, பையிலிருந்த சளி கண்ணுக்குள் வந்துவிட்டது, சலைன் கழுவிவிட்டது. எனவே வறட்சிப் பரிசோதனைகள் எல்லாம் முடிந்த பிறகே பையை அழுத்துவதும் சிரிஞ்சிங்கும் வர வேண்டும். முன்பே யாராவது செய்துவிட்டிருந்தால், வறட்சிப் பரிசோதனையை வேறொரு நாளுக்கு ஒத்திவைப்பதே நேர்மை.

முதல் வேலை, எதையும் கண்ணில் விடாமல் ஸ்லிட் லாம்ப்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஒளிக்கருவி) பார்ப்பது. கீழிமை விளிம்பில் நிற்கும் நீர்க்கோட்டின் உயரம் வழக்கமாக 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் இருக்கும். முழு அடைப்புள்ள கண்ணில் இது உயர்ந்திருக்க வேண்டும். அடைப்பு இருந்தும் நீர்க்கோடு சாதாரண உயரத்தில்தான் நிற்கிறது என்றால், அதை "நார்மல்" என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். தேங்க வேண்டிய கண்ணில் தேங்கவில்லை என்றால் வரத்து குறைவு என்பதே பொருள். பஞ்சு நூலால் கருவிழியின் ஓரத்தை மெல்லத் தொட்டு உணர்வைப் பார்ப்பதும் இந்த நேரத்தில்தான். உணர்வு மங்கிய கண், கருவிழி புண்ணாகியிருந்தாலும் உறுத்தலைச் சொல்லாது.

அடுத்து ஃப்ளோரசீன். சாயப் பட்டையைச் சலைனில் நனைத்து, அதிகப்படி நீரை உதறிவிட்டு, கீழிமையின் உட்புறம் லேசாகத் தொட்டு எடுங்கள். ஏற்கெனவே நீர் தேங்கிய கண் என்பதால் சாயம் கூடினால் ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு முறை இமைக்கச் சொல்லி, பிறகு இமைக்காமல் நேராகப் பார்க்கச் சொல்லி, பச்சைப் படலத்தில் முதல் கருந்திட்டு எப்போது தோன்றுகிறது என்று விநாடிகளை எண்ண வேண்டும். மூன்று தடவை எண்ணிச் சராசரி எடுங்கள். 10 விநாடிக்குள் படலம் உடைந்தால் குறைவு, 5 விநாடிக்குள் உடைந்தால் கவலைக்குரியது. அதே சாயத்தில் கருவிழிப் புள்ளிகளையும் எண்ணிவிடலாம். 2017-இல் வெளிவந்த சர்வதேச நிபுணர் குழு அறிக்கை, கருவிழியில் 5-க்கு மேற்பட்ட புள்ளிகளையோ வெண்விழிப் படலத்தில் 9-க்கு மேற்பட்ட புள்ளிகளையோ வறட்சிக்கான அடையாளமாகக் கொள்கிறது. சாயத்தைத் துடைக்காமல் 5 நிமிடம் விட்டுப் பார்த்தால், பாதை திறந்த கண்ணில் அது பெரும்பாலும் வடிந்திருக்கும். அடைபட்ட கண்ணில் பச்சையாகத் தேங்கி நிற்கும். ஒரே தடவை தொட்டுவைத்த சாயத்தில் மூன்று விவரங்கள் கிடைக்கின்றன.

நீர் தேங்கிய கண்ணிலும் கருவிழியின் நடுவிலும் கீழ்ப்பகுதியிலும் புள்ளிகள் இருந்தால் அதற்கு நான் மிகுந்த மதிப்புக் கொடுப்பேன். அவ்வளவு நீரில் ஊறிக்கொண்டிருந்தும் மேற்பரப்பு காய்கிறது என்றால், அந்த நீர் வடிந்த பிறகு அதன் கதி என்ன?

ஷிர்மர் தாளைக் கவனமாக வையுங்கள்

பத்து நிமிடம் ஓய்வு கொடுத்துவிட்டு ஷிர்மர் பரிசோதனைக்கு வரலாம். ஃபேனை நிறுத்தி, நோயாளியின் முகத்தில் ஏ.சி. காற்று படாமல் உட்காரவைக்க வேண்டும். தாள் 5 மில்லிமீட்டர் அகலமும் 35 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. உறைக்குள் இருக்கும்போதே அதன் நுனியை மடித்துவிட்டால் நம் விரலில் உள்ள எண்ணெய்ப் பசை அந்த நுனியில் ஒட்டாது. கீழிமையில் தேங்கியிருக்கும் நீரைப் பஞ்சால் மெதுவாக ஒற்றி எடுத்து ஓரிரு நிமிடம் பொறுத்த பிறகே தாளை வைக்க வேண்டும், இல்லையென்றால் புதிதாகச் சுரப்பதை அளப்பதற்குப் பதிலாகப் பழைய தேக்கத்தை அளந்துவிடுவோம். கருவிழியில் படாதபடி கீழிமையின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கில் மாட்டி, கண்ணை மென்மையாக மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். 5 நிமிடம் கழித்து மடிப்பிலிருந்து எவ்வளவு தூரம் நனைந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். 10 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சந்தேகம். 5 அல்லது அதற்குக் கீழ் என்றால் சுரப்புக் குறை தெளிவு.

எப்படியும் சிரிஞ்சிங்குக்காக மரத்துப்போகும் மருந்து விடப்போகிறோம். அதை விட்டபின், ஒற்றி எடுத்து, இன்னொரு தாளை வைத்துப் பார்த்தால், எரிச்சலால் கொட்டும் நீர் பெருமளவு நீங்கி அடிப்படைச் சுரப்பு எவ்வளவு என்பது தெரியும். முதல் தாளில் 20 மில்லிமீட்டர் நனைந்து இரண்டாவதில் 4 மட்டுமே நனைபவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் தாளோடு நிறுத்தியிருந்தால் அவர்களை விட்டிருப்போம்.

ஒரு எச்சரிக்கை. பை நிரம்பி, அழுத்தாமலேயே சளி கண்ணுக்குள் பொங்கிவரும் நோயாளியிடம் தாளின் அளவு பொய் சொல்லும். அதைக் கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதிவிடுங்கள்: "அளவு நம்பத்தக்கதன்று." அடைபட்ட கண்ணில் எல்லாப் பிழைகளும் அளவைக் கூட்டிக் காட்டும் பக்கமே சாய்வதால், அங்கே குறைவான எண் வந்தால் உறுதியாக நம்பலாம், கூடுதலான எண் வந்தால் அதை வைத்து நிம்மதி அடைய முடியாது.

மற்றக் கண்ணைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். அடைப்பு பெரும்பாலும் ஒரு கண்ணில் இருக்கும். வறட்சியோ பெரும்பாலும் இரு கண்களிலும் இருக்கும். அடைப்பில்லாத கண்ணில் வடிகால் இயல்பாக ஓடுவதால், அங்கே எந்த மறைப்பும் இல்லை. அறுவைக்குப் பிறகு நோய்ப்பட்ட கண் எந்த நிலைக்கு வரப்போகிறது என்பதை அது இன்றே காட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே எல்லாப் பரிசோதனையையும் இரு கண்ணிலும் செய்ய வேண்டும், முதலில் நல்ல கண்ணில். அங்கே ஷிர்மர் 4, படலம் 5 விநாடியில் உடைகிறது, புள்ளிகள் இருக்கின்றன என்றால், அடைபட்ட கண்ணில் 18 மில்லிமீட்டர் நனைந்ததைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கடைசியாக இமைகள். முழுதாக மூடுகிறதா, தளர்ந்து வெளிப்புறம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பை விரலால் அழுத்தினால் எண்ணெய்ச் சுரப்பிகளிலிருந்து தெளிந்த எண்ணெய் வர வேண்டும். பற்பசை போலக் கெட்டியாக வந்தால் ஆவியாகும் வகை வறட்சி. இது சிகிச்சைக்கு நன்றாக இணங்கக்கூடியது. இவற்றுக்குப் பிறகு பையை அழுத்திப் பார்த்து, சிரிஞ்சிங் செய்யலாம். பை வீங்கிச் சிவந்து வலிக்கும் நிலையில் சிரிஞ்சிங் கூடாது.

கண்டறிந்தபின் என்ன செய்வது

வறட்சி இருக்கிறது என்பதற்காக அறுவையே கூடாது என்று நான் சொல்லவில்லை. சீழ் தங்கிய பையை அப்படியே விடுவது ஆபத்து. அதிலும் கண்புரை அறுவை செய்ய வேண்டியவருக்கு, அந்தக் கிருமி கண்ணுக்குள் புகுந்தால் பார்வையே போய்விடலாம். முடிவு அறுவை மருத்துவருடையது. ஆனால் சரியான முடிவெடுக்க நம்முடைய எண்கள் அவர் கையில் இருக்க வேண்டும்.

மிதமான வறட்சி என்றால், சீழ்த்தொற்று அவசரப்படுத்தாதவரை, நான்கு முதல் ஆறு வாரம் பதப்பொருள் சேராத செயற்கைக் கண்ணீர், இமைக்கு இளஞ்சூட்டு ஒத்தடம், இமை விளிம்புச் சுத்தம் என்று சிகிச்சை கொடுத்து மறுபடி அளப்பதே நல்லது. பகுதி அடைப்பு என்று எழுதப்பட்டவர்களில் சிலருக்கு இந்த இடைவெளியிலேயே வடிதல் குறைந்து, அறுவையின் தேவை கேள்விக்குள்ளாகும். கடும் வறட்சியும் சீழ்ப்பையும் சேர்ந்திருந்தால், பாதையைத் திறக்கும் டி.சி.ஆருக்குப் பதிலாகப் பையை மட்டும் அகற்றும் டி.சி.டி. அறுவையை மருத்துவர் தேர்ந்தெடுக்கலாம். கிருமியின் இருப்பிடம் போய்விடும், கண்ணில் இருக்கும் கொஞ்ச நீரும் வடிந்துபோகாது. சீழ் இல்லாமல் வடிதல் மட்டும் இருக்கும் கடும் வறட்சிக்காரருக்கு, எதையும் தொடாமல் விடுவதும் ஒரு சிகிச்சை முடிவுதான்.

பிறவியிலேயே நாளம் திறக்காத குழந்தைகளின் கதை வேறு. அவர்களில் பெரும்பாலோருக்கு முதல் வயதுக்குள் தானே திறந்துவிடும். மேலே சொன்னவை பெரியவர்களுக்கானவை.

ஒப்புதல் கையெழுத்து வாங்கும்போது நோயாளியின் பேச்சிலேயே சொல்லுங்கள். "அம்மா, உங்க கண்ணுல ஊறுற தண்ணியே கொஞ்சம்தான். இப்ப அடைப்பு இருக்கறதால தேங்கி வழியுது. ஆபரேஷனுக்கு அப்புறம் வழியறது நிக்கும், ஆனா உறுத்தல் வரலாம், சொட்டு மருந்து தொடர்ந்து விட வேண்டியிருக்கும்" என்று சொன்னால் எவருக்கும் புரியும். முன்கூட்டிக் கேட்டவர் உறுத்தல் வரும்போது பயப்பட மாட்டார். சொட்டு மருந்தையும் பாதியில் விட மாட்டார்.

அறுவை முடிந்தபின், ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் வரச்சொல்லி, சிரிஞ்சிங்குக்கு முன் அதே வரிசையில் படல நேரம், புள்ளிகள், ஷிர்மர் மூன்றையும் அளந்து, பழைய எண்களுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். பாதை நன்றாக ஆறியும் வறட்சி தாங்க முடியாததாக இருந்தால், கண்ணீர்த் துளையில் அடைப்பான் வைத்து வடிதலைக் குறைக்க வழி இருக்கிறது. வேண்டாதபோது எடுத்துவிடவும் முடியும். அந்த அம்மாவுக்கு இறுதியில் அதைத்தான் செய்தோம். கீழிமைத் துளையில் அடைப்பான், இரண்டு மணிக்கு ஒரு முறை செயற்கைக் கண்ணீர், மூட்டு மருத்துவரின் மாத்திரைகள் என்று ஆறு வாரம் சென்றபின் வந்தபோது, அவருடைய கருவிழியில் ஏழெட்டுப் புள்ளிகள்தான் மீதியிருந்தன.